கார்த்தி ஏன் இல்லை?

அன்புள்ள ஐயா,

ஹாக்கி பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. நீங்கள் எப்போதாவது எழுதுகிறீர்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். 2023 ஆகஸ்டில் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை நாம் ஜெயித்தபோது குடும்பத்தோடு ஸ்டாண்டில் இருந்தேன். அந்த அணியில் நம்மூர்ப் பையன் என்று இருந்தது அரியலூர் கார்த்தி செல்வம் ஒருவர்தான். இரண்டு கோல் போட்டார். அடுத்து ஆசிய விளையாட்டுக்கு அணி அறிவித்தார்கள், அவர் பெயரைக் காணோம். இறுதிப் போட்டியில் வெற்றி கோல் அடித்த ஆகாஷ்தீப் சிங்கையும் காணோம். இது என்ன கணக்கு?

சரி, அது பழைய கதை. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மைதானம் நம்முடையது, கூட்டம் நம்முடையது, பதினெட்டு பேரில் ஒரு தமிழன் இல்லை. ஜெர்மனியிடம் 5-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பஞ்சாபும் ஒடிசாவும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நான் சொன்னால் தப்பா? இன்னொன்று, நாம் போடுகிற கோல் எல்லாமே பெனால்டி கார்னரில், அதாவது எதிரணி தன் கோலருகே தப்பு செய்தால் கிடைக்கிற வாய்ப்பில் வருகிறது. அப்புறம் முன்வரிசை என்று ஐந்தாறு பேர் எதற்கு?

பி.கு.: என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளி அணியில் ஃபார்வர்டு. கார்னரில் பந்தை இழுத்து வீசுகிற ட்ராக் ஃப்ளிக் ஸ்டிக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாங்கித் தரலாமா?

கே.எஸ்., பெரம்பூர்

*

அன்புள்ள கே.எஸ்.,

கோபத்தோடு எழுதியிருந்தாலும் தகவல் எல்லாம் சரியாக இருக்கிறது. கார்த்தி அந்தத் தொடரில் லீக் சுற்றில் மலேசியாவுக்கு எதிராக ஒன்று, அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக ஒன்று அடித்தார். ஆசிய விளையாட்டுக்கு ஹாங்சோ போன அணியில் அவர் இல்லை. நீங்கள் விட்டுவிட்ட பெயர் ஒன்றும் உண்டு: ஜுக்ராஜ் சிங். அந்த இறுதிப் போட்டியின் முதல் கோல் அவருடையது. ஆக, சென்னையில் கோப்பையைத் தூக்கிய பதினெட்டு பேரில் மாற்றப்பட்டது மூன்றே பேர், அந்த மூன்றில் இரண்டு பேர் இறுதிப் போட்டியில் கோல் போட்டவர்கள். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இது அநியாயமாகத்தான் தெரியும்.

உள்ளே வந்தவர்கள் சஞ்சய், அபிஷேக், லலித் உபாத்யாய். ஹாங்சோ இறுதிப் போட்டியில் ஜப்பானை 5-1 என்று வென்று நேரே பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். அந்த ஐந்தில் ஒன்று அபிஷேக் அடித்தது. பாரிஸில் ஆஸ்திரேலியாவை ஒலிம்பிக்கில் 1972-க்குப் பிறகு முதல்முறையாக வென்றோமே, அந்த 3-2 ஆட்டத்தில் கணக்கைத் தொடங்கியதும் அபிஷேக்தான். கோச் கிரெய்க் ஃபுல்டன் செய்தது சரி என்று இதை வைத்து நான் தீர்ப்பு எழுதவில்லை. கார்த்தி போயிருந்தாலும் தங்கம் வந்திருக்கலாம், யார் கண்டது. கோல் போட்டவனை எதற்கு எடுக்கவில்லை என்று நாம் கேட்கும்போது, தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது என்பதுதான் விஷயம்.

ஹாக்கியில் களத்தில் நிற்பது பதினொரு பேர். ஆனால் மாற்று வீரர்களுக்குக் கணக்கு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே போகலாம், திரும்ப வரலாம், அம்பயரைக் கேட்க வேண்டியதும் இல்லை. முன்கள வீரன் ஐந்தாறு நிமிடம் மூச்சிரைக்க ஓடிவிட்டு பெஞ்சுக்கு வருவான், இன்னொருவன் உள்ளே போவான். கிரிக்கெட்டில் ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்கிற அர்த்தத்தில் இங்கே யாரும் 'வெளியே உட்காருவது' இல்லை. பதினெட்டு பேருக்குள் வந்துவிட்டால், மாற்று கோல்கீப்பர் தவிர, ஆடியே ஆகவேண்டும். அதனால் பதினெட்டாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதும், இவன் வந்து என்ன வேலை செய்வான் என்று கேட்பார்கள். கோல் அடிப்பது அதில் ஒரு வேலை. மற்ற வேலைகள் ஸ்கோர்போர்டில் வராது.

அடுத்த முறை எழும்பூர் போனால் இதை மட்டும் பாருங்கள். நமக்கு எதிராகப் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட உடனே பந்தை விட்டுவிட்டு நம் கோலுக்குள் பாருங்கள். நாற்பது வினாடிதான் நேரம். நான்கு பேர் ஓடிவந்து முகக்கவசத்தையும் முழங்கால் கவசத்தையும் மாட்டுவார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அதில் ஒருவன், ட்ராக் ஃப்ளிக் அடிக்கப்போகிறவனை நோக்கி நேராகப் பாய்வான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்துக்கு எதிரே ஓடுகிற வேலை அது. முதல் ரஷர் என்பார்கள். இந்தியாவுக்கு அந்த வேலையைச் செய்து வந்தவர் அமித் ரோஹிதாஸ்.

பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அவருக்குச் சிவப்பு அட்டை. பத்து பேரோடு சமாளித்து, ஆட்டத்தைச் சமனில் முடித்து, ஷூட் அவுட்டில் ஜெயித்தோம், கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காப்பாற்றினார். ஆனால் அரையிறுதிக்கு அமித் தடை. ஒலிம்பிக் அணி என்பது பதினாறே பேர், மீதி பதினைந்து. ஜெர்மனியின் கோன்சாலோ பெய்லாட் கார்னரில் ஒன்றைப் போட்டார், 3-2 என்று தோற்றோம். அமித் இருந்திருந்தால் அந்தப் பந்து தடுக்கப்பட்டிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. கோல் எண்ணிக்கையை வைத்து அணி எடுக்கிறவர்கள் இப்படி ஒரு ஆளை எந்தப் பட்டியலில் தேடுவார்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் பக்கம் கார்னர் கிடைக்கும்போதும் விதி ஒன்று உண்டு. கார்னர் கொடுக்கப்பட்டதிலிருந்து அது ஆடி முடிக்கப்படும்வரை ஆள் மாற்ற முடியாது. நம் முதல் ஃப்ளிக்கர் ஹர்மன்பிரீத் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கார்னர் கிடைத்தால் களத்தில் இருக்கிறவன்தான் அடிக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது ஃப்ளிக்கர் தேவைப்படுகிறார்கள். சென்னையில் ஹர்மன்பிரீத்தோடு ஜுக்ராஜ், வருண் குமார், அமித் என்று நால்வர் இருந்தார்கள். நாலாவது ஃப்ளிக்கர் ஆடம்பரம். ஜுக்ராஜ் போய் சஞ்சய் வந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆகாஷ்தீப் விஷயத்தில் எனக்கும் சமாதானம் இல்லை. சென்னை இறுதிப் போட்டியில் 3-1 என்று பின்தங்கி, நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத்தின் பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பர் ஒருவரை மட்டும் எதிர்த்து அடிப்பது), அடுத்த சில வினாடிகளில் குர்ஜந்த், ஐம்பத்தாறில் ஆகாஷ்தீப் என்று திரும்பிய ஆட்டம் அது. அப்படி ஒரு கோல் போட்ட அனுபவசாலியை விடுவதற்குக் கோச்சுக்குத் துணிச்சல் வேண்டும். அந்த இடத்துக்கு அபிஷேக் வந்தது கோச்சின் அதிர்ஷ்டம்.

முன்வரிசை எதற்கு என்று கேட்டீர்கள். பாரிஸில் இந்தியா போட்டது பதினைந்து கோல், அதில் பத்து ஹர்மன்பிரீத்துடையது. உங்கள் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அந்தக் கார்னர்களையும் ஸ்ட்ரோக்குகளையும் யார் வாங்கிக் கொடுத்தார்கள்? பின்களத்தில் நிற்கிற ஹர்மன்பிரீத் எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டமான டிக்குள் போய் ஒருவன் காலில் பந்தைப் பட வைக்கவில்லை. மந்தீப்பும் சுக்ஜீத்தும் குர்ஜந்தும் இடுக்கில் புகுந்து, தட்டு வாங்கி, விழுந்து எழுந்து வாங்கித் தந்தவை அவை. நவீன ஹாக்கியில் முன்கள வீரனின் சம்பாத்தியத்தில் பாதி இன்னொருவன் பெயரில் வங்கியில் விழுகிறது. இதில் கார்த்திக்கு ஒரு வாய்ப்பும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. 2022 ஆசியக் கோப்பையில் ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டவர் அவர். டிக்குள் கோலை மோப்பம் பிடிக்கிற மூக்கு அவருக்கு உண்டு. ஆனால் அதே இடத்துக்கு மந்தீப், லலித், அபிஷேக், சுக்ஜீத், குர்ஜந்த் என்று அப்போது வரிசை நின்றது. ஒலிம்பிக்கில் அந்த ஐந்து பேர்தான் முன்வரிசை. ஐந்துக்குள் நுழைய, கோல் அடிப்பதற்கு மேல் இன்னொரு வேலையில் அவர்களில் ஒருவரை மிஞ்ச வேண்டியிருந்தது. எதிரணியின் பின்களத்தை ஓடி மடக்குவதிலோ, நடுக்களத்துக்கு இறங்கி ஆடுவதிலோ. அரியலூர்க்காரர் என்பதற்காக ஒதுக்கினார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை.

ஜூனியர் உலகக் கோப்பைக்கு வருகிறேன். 5-1 மட்டும்தான் மிச்சம் என்று எழுதியது கொஞ்சம் அதிகம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நாலு கோல் போட்டு 4-2 என்று வென்றார்கள். அங்கித் பால், மன்மீத் சிங், ஷார்தானந்த் திவாரி, அன்மோல் எக்கா. அதற்கு முன் 2016-ல் லக்னோவில் வாங்கிய தங்கத்தோடு நின்றுபோன பதக்கக் கணக்கு மறுபடி தொடங்கியது எழும்பூரில். காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் முடித்ததும் சாதாரணமில்லை. கோலில் நின்ற பிரின்ஸ்தீப்புக்குப் பின்னால் கோச்சாக உட்கார்ந்திருந்தவர் ஸ்ரீஜேஷ் என்பதால் அன்று கூட்டத்துக்கு இரட்டைச் சந்தோஷம்.

அரையிறுதித் தோல்விக்குக் காரணம் ஆள் தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. லீக் சுற்றைப் பாருங்கள்: சிலிக்கு ஏழு, ஓமனுக்குப் பதினேழு, ஸ்விட்சர்லாந்துக்கு ஐந்து. மொத்தம் இருபத்தொன்பது கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. பாகிஸ்தான் விலகி அந்த இடத்துக்கு ஓமன் வந்தபிறகு பிரிவே சப்பென்று ஆகிவிட்டது. மூன்று ஆட்டத்தில் நம் பின்களத்துக்கு வேலையே வரவில்லை. ஜெர்மனியோ நடப்பு சாம்பியன். முதல் பாதியிலேயே 3-0. அதுவும் கால் பகுதி முடியப்போகிற நிமிடங்களில், கவனம் தளர்கிற நேரமாகப் பார்த்து அடித்தார்கள். அங்கே பதினெட்டில் ஒரு தமிழ்ப் பையன் இருந்திருந்தால் 5-1 என்பது 5-2 ஆகியிருக்குமோ என்னவோ.

தமிழ்ப் பையன் ஏன் இல்லை என்பது வேறு கேள்வி, அது நியாயமான கேள்வி. பதில் தேர்வுக் குழுவின் அறையில் இல்லை. அமித் ரோஹிதாஸ், அன்மோல் எக்கா எல்லாம் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பிள்ளைகள். அந்தப் பக்கம் கிராமத்துக்குக் கிராமம் போட்டி நடக்கும், ஆடு பரிசு கொடுப்பார்கள், பெண் பிள்ளைகளும் ஆடுவார்கள். பக்கத்திலேயே ரூர்கேலாவில் பான்போஷ் ஹாஸ்டல். நமக்கு அப்படி ஓர் ஊர் என்றால் கோவில்பட்டி. கார்த்தி அங்கே பயிற்சி பெற்றவர். 2022-ல் அவரோடு ஆசியக் கோப்பை அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். முப்பத்தெட்டு மாவட்டத்தில் ஹாக்கி ஊர் என்று தயங்காமல் சொல்ல ஒன்றிரண்டுதான் இருக்கிறது. பழம்பெருமை பேச நமக்குக் குறைவில்லை, 1980 மாஸ்கோ தங்க அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் நம்மவர்தான். தன்ராஜ் பிள்ளையும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவர் மட்டை பிடித்தது புனே பக்கத்துக் கட்கியில். வீட்டில் பேசும் மொழியைவிடத் தெருவில் ஆடும் ஆட்டம் முக்கியம்.

சென்னையில் நிலைமை இன்னும் மோசம். 1996-ல் சாம்பியன்ஸ் டிராபி, 2005-ல் மறுபடி அதே, 2007-ல் கொரியாவை 7-2 என்று நசுக்கிய ஆசியக் கோப்பை இறுதி என்று பெரிய ஆட்டமெல்லாம் இங்கே நடக்கிறது. முருகப்பா தங்கக் கோப்பை வந்தால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, ஐ.ஓ.பி. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள் ஸ்டாண்டில் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் பேரன் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பத்து வயதில் செம்மண்ணில் பந்து பழகுகிற பையன் பதினைந்து வயதில் முதல்முறையாகச் செயற்கைப் புல் தரையான டர்ஃபில் இறங்கினால், பந்தின் வேகமும் முதுகை வளைக்க வேண்டிய அளவும் எல்லாமே மாறிப்போகும். அதே வயதுப் பஞ்சாப் பையனுக்கு அதற்குள் சில வருடம் டர்ஃப் அனுபவம் இருக்கும். இந்த இடைவெளியைத் தேசிய அணித் தேர்வின்போது அழித்துவிட முடியாது. போராட்டம் நடத்துவதானால் பெரம்பூரில் ஒரு டர்ஃப் கேட்டு நடத்துங்கள், நானும் வருகிறேன்.

கடைசியாக, பையனின் ஸ்டிக். ட்ராக் ஃப்ளிக்குக்கென்று விற்கிற மட்டையில் வளைவு கீழ்நோக்கி, பந்தைத் தொடும் கொக்கி நுனிக்குப் பக்கத்தில் இருக்கும். பந்து அதில் உட்கார்ந்து வழுக்கி வரும், உண்மைதான். ஆனால் அதே வளைவு சாதாரணமாகப் பந்தைத் தட்டுவதையும் அடிப்பதையும் தடுமாற வைக்கும், பழகுகிற வயதில் அது கெடுதல். தவிர ஃப்ளிக் அடிப்பது இடுப்பையும் கீழ் முதுகையும் முறுக்குகிற வேலை, பன்னிரண்டு வயது உடம்புக்கு அவசரமில்லை. நடுவில் வளைவுள்ள சாதாரண மட்டை, இடுப்பெலும்பு உயரத்துக்கு வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒன்று சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் அவன் மாஸ்டரிடம்: கார்னரில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவது. எந்த அணியிலும் ஃப்ளிக் அடிக்கத்தான் பத்துப் பேர் கை தூக்குவார்கள். ஒரே வேகத்தில், ஒரே கோட்டில், துள்ளாமல் தள்ளத் தெரிந்த ஃபார்வர்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தினமும் அரை மணி நேரம் தள்ளட்டும்.