நெப்போலியன் காலச் சிப்பாய் மினியேச்சர்கள்: வண்ணம் தீட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 28 மி.மீ. பிரெஞ்சுக் காலாட்படைக்குக் கருநீலம் பூசினால், போர் விளையாட்டு மேசையில் வைத்ததும் எல்லாம் கறுப்பாகவே தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அசல் சீருடையின் நீலம் அடர்த்தியானதுதான், ஆனால் கட்டைவிரல் உயரமே உள்ள உருவத்தில் அதே நிறம், மூன்றடி தள்ளி நின்று ஆடுபவரின் கண்ணுக்கு எடுபடாது. ஓரிரு படி வெளிறிய நீலத்தை அடித்தளமாகப் பூசி, மடிப்புகளில் மட்டும் நீர்த்த கருநீலத்தை ஓடவிட்டு, தோளிலும் முழங்கையிலும் சாம்பல் கலந்த நீலத்தைத் தொட்டுவிடுங்கள். அதற்கு வெறும் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: மார்பின் குறுக்கே செல்லும் வெள்ளைப் பட்டைகள் திட்டுத்திட்டாக வருகின்றனவே?

பதில்: முதலில் வெளிர்சாம்பல் பூசுங்கள், அதன் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும்படி விட்டு, மங்கிய வெள்ளையை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு பட்டாலியனுக்குள் (காலாட்படைப் பிரிவு) அதன் உட்பிரிவுகளான கம்பெனிகளை எப்படி வேறுபடுத்துவது?

பதில்: 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள் இருந்தன என்பதால், 24 உருவங்கள் கொண்ட தொகுதியில் கம்பெனிக்கு நான்கு எனப் பிரிப்பது வசதி. கிரெனடியர்கள் எனும் தேர்ந்த வீரர்களுக்குச் சிவப்புத் தோள் குஞ்சம். வோல்டிஷர்கள் எனும் முன்சென்று சுடும் இலகு வீரர்களுக்கு மஞ்சளும் பச்சையும். மீதமுள்ள ஃப்யூசிலியர் (சாதாரணக் காலாட்படை) கம்பெனிகள் நான்கிற்கும் ஷாகோ எனும் உயரமான உருளைத் தொப்பியின் உச்சிக் குஞ்சம் முறையே கரும்பச்சை, வான்நீலம், ஆரஞ்சு, ஊதா. குஞ்சங்களைக் கடைசியில் தீட்டுங்கள். தொப்பியைப் பூசும்போது தூரிகை அவற்றில் படாமல் இருப்பது அரிது.

கேள்வி: வாட்டர்லூ போரின் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அனைவருக்கும் ஒரே சிவப்புத்தானா?

பதில்: இல்லை. சாதாரணச் சிப்பாயின் மேலங்கி மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் சாயமேற்றிய மங்கிய சிவப்பு; அதிகாரிகளுடையதோ பளிச்சென்ற செஞ்சிவப்பு. ஆகவே சிப்பாய்க்குக் கறுப்புக்குப் பதில் பழுப்பு அடித்தளமிட்டு, அதிகாரிக்கு மட்டும் ஒரு படி பிரகாசமான சிவப்பை ஒதுக்குங்கள். ரெஜிமென்டை அடையாளம் காட்டுவது காலரும் கைமுனை மடிப்பும்: 44ஆவது ரெஜிமென்டுக்கு மஞ்சள். சோதிப்பது 33ஆவது ரெஜிமென்ட், ஏனெனில் அதற்குக் காலரும் சிவப்பே. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவை எதிர்த்துப் போரிட்ட அதே படைதான் இது. இங்கே காலரின் விளிம்பில் வெள்ளைச் சரிகைக் கோட்டைத் தெளிவாக இழுக்காவிட்டால், காலர் இருப்பதே தெரியாது.

கேள்வி: எந்த அளவுத் தூரிகை?

பதில்: நுனி கூராக நிற்குமானால் 1ஆம் எண் ஒன்றே போதும். 000 போல எண்ணில் பூஜ்யங்கள் பல சேர்ந்த மிகச் சிறிய தூரிகைகளில், முகத்தை எட்டுவதற்குள் வண்ணம் உலர்ந்துவிடும்.

கேள்வி: ஆடிய பின் துப்பாக்கி முனைகளில் வண்ணம் உதிர்கிறது, வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

பதில்: உலோக உருவமானால் பிரைமருக்கு (வண்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) முன் சோப்பு நீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து ஒட்டிவந்த பொடி போகாவிட்டால் எந்த வார்னிஷும் உதவாது. பின்னர் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் ஒரு பூச்சு. ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே வேண்டாம், வெண்படலம் படியும்.