கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் காரில் மிட்பேஸ் ஸ்பீக்கர் மட்டும் சேர்க்க முடியுமா?

பெரம்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். காரோடு வந்த டச் ஸ்கிரீன் அப்படியே இருக்க வேண்டும், முன் கதவுகளில் மட்டும் நல்ல மிட்பேஸ் வேண்டும், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் முடியுமா என்பது கேள்வி.

தாராளமாக முடியும். ஆனால் காசை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் கதவு, அப்புறம் ஆம்ப், கடைசியாகத்தான் ஸ்பீக்கர். கடையில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். பளபளவென்று பெட்டியில் இருக்கும் ஸ்பீக்கரைக் காட்டினால்தானே வியாபாரம் நடக்கும்!

மிட்பேஸ் என்பது ஏறக்குறைய 80 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை. கானாப் பாட்டில் டோலக்கின் அந்தத் 'தும்', பேஸ் கிட்டார், ஆண் குரலின் கனம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் இதற்கும் கீழேயுள்ள ஆழமான பேஸுக்கானது; அதற்கு இது வேலையே இல்லை. நம்ம ஏரியாவில் நம்பர் பிளேட் அதிர ஓடும் சில வண்டிகளில் டோலக் மட்டும் தகர டப்பா மாதிரி கேட்பது அதனால்தான்.

இப்போது கதவுக்கு வருவோம். ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் இழுக்கிறது. பின்பக்க ஒலி ஓட்டைகள் வழியே சுற்றி முன்னால் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் காணாமல் போவது பேஸ்தான். கதவின் உள் பலகையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் பின்னால் கை முழுவதும் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். இதில் எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரைப் பூட்டினாலும் வீண்தான்.

அலுமினியத் தாள் ஒட்டி வரும் ப்யூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ஒட்டு ரப்பர் தாள்) வெளித் தகட்டின் உட்புறம் ஒட்டி, ரோலரால் அழுத்த வேண்டும். பிறகு உள் தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: முன்பு 'டங்' என்றது இப்போது 'தொப்' என்னும். ஒரே எச்சரிக்கை, கதவின் அடியில் இருக்கும் சிறு வடிகால் துளைகளை மூடவே கூடாது. மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறும் வழி அதுதான். அதே காரணத்தால் ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்தை எம்டிஎஃப் எனும் மரநார்ப் பலகையில் வெட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரத்தில் உப்பி ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் வளையம் நல்லது. கோனும் காகிதத்தைவிட பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆம்ப் விஷயம். ஸ்டீரியோவில் '50 வாட் x 4' என்று போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான். ஆம்ப் வேண்டாம் என்றால் சென்சிட்டிவிட்டி (ஒரே அளவு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) 90 டெசிபல் அல்லது அதற்கு மேல் உள்ள ஸ்பீக்கராகப் பாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் கேட்கும். ஆம்ப் வைப்பதானால் ஹை லெவல் இன்புட் உள்ள சின்ன நான்கு சேனல் போதும். ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கொள்ளும். கம்பெனி கப்ளரில் (வயர் இணைப்பானில்) அப்படியே செருகும் ஹார்னஸ் (வயர் தொகுப்பு) கிடைத்தால் கம்பெனி வயரை வெட்டவே வேண்டாம். வாரண்டித் தகராறும் குறையும். பவர் வயர் நேராக பேட்டரியிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸோடு. ரிச்சி தெருவில் வயர் வாங்கினால் முனையை பிளேடால் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிற ஸ்பீக்கரோடு புதியதையும் அதே வயரில் சேர்த்துக் கட்டாதீர்கள். 4 ஓமும் 4 ஓமும் பேரலலில் 2 ஓம் ஆகிவிடும். ஸ்டீரியோ சூடாகி நின்றுபோகலாம். பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போடுங்கள். அதுவும் சுத்த மிட்பேஸ் ஸ்பீக்கர் வேண்டாம். அது சில நூறு ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டால் பாடகரின் குரலை யார் கொடுப்பது? 3000 ஹெர்ட்ஸ் வரை பாடக்கூடிய ஆறரை இன்ச் காம்போனன்ட் வூஃபரே (ட்வீட்டர் தனியாக வரும் செட்டின் பெரிய ஸ்பீக்கர்) சரி. டேஷ்போர்டில் கம்பெனி ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால், பேஸை அதற்குப் போகாமல் தடுக்கும் கெபாசிட்டரோடு அப்படியே இருக்கட்டும். வாங்கும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, காந்தம் அதில் இடிக்காத ஆழமா என்று அளந்துகொள்ளுங்கள்.

பொருத்தி முடிந்ததும் சப்வூஃபர் இல்லையென்றால் ஹைபாஸை (குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் அமைப்பு) 60 ஹெர்ட்ஸ் பக்கமும், இருந்தால் 80 பக்கமும் வையுங்கள். பிறகு ஒரு பக்க ஸ்பீக்கரின் ப்ளஸ், மைனஸை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எப்படி வைத்தால் பேஸ் கூடுகிறதோ அதுதான் சரியான இணைப்பு.

அப்புறம், வயர் இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போக விடாதீர்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் நிற்கும் வண்டியில் உப்புக் காற்றுக்குச் செம்பு சீக்கிரமே பச்சை பிடிக்கும். க்ரிம்ப் கனெக்டர் போட்டு, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.