தெய்ன் செய்ன் பெயரைச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்ட்

கேள்வி: பர்மாவில் பியாபோன் பக்கம் தாத்தா வாங்கிய நெல்வயலின் பழைய பத்திரம் எங்களிடம் இருக்கிறது. அதிபர் தெய்ன் செய்ன் காலத்திலேயே வெளிநாட்டவருக்கு நிலத்தைத் திறந்துவிட்டார்கள், மீட்டுத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் ஐம்பதாயிரம் கேட்கிறார். பத்திரத்தையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பணத்தையும் சரி, பத்திரத்தையும் சரி.

அந்தப் பெயரை ஏன் இழுக்கிறார்கள் என்றால், அதில் பாதி உண்மை இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர், ராணுவ ஆட்சியின் பிரதமர், 2010-இல் சீருடையைக் கழற்றிவிட்டுக் கட்சித் தலைவராகி 2011 மார்ச் 30-இல் அதிபரானார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை, நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது, அதிலும் நாலில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கு. ஆனாலும் ஆறே மாதத்தில் சீனா கட்டிக்கொண்டிருந்த மித்சோன் அணையை நிறுத்தினார், 2012-இல் பத்திரிகைத் தணிக்கை போனது, எதிர்க்கட்சித் தலைவி ஆங் சான் சூச்சி இடைத்தேர்தலில் ஜெயித்தார். உலகமே ரங்கூனுக்கு ஓடியது. கூடவே நம் ஏஜென்ட்டுகளும்.

நிலத்துக்கு வருவோம். 1930-களில் கீழ் பர்மாவின் நெல்வயலில் சுமார் கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-லும் 1953-லும் சட்டம் போட்டு வயல்களை எடுத்தார்கள், கடைகளைப் பின்னால் ராணுவ ஆட்சியாளர் நெ வின் எடுத்தார். இதில் எதையும் தெய்ன் செய்ன் திருப்பித் தரவில்லை. நிலமெல்லாம் அரசுடையது என்று ராணுவம் எழுதிய 2008 அரசியல் சட்டம் அப்படியே இருந்தது, வெளிநாட்டவருக்குச் சொத்து மாற்றக் கூடாது என்ற 1987 சட்டமும் இருந்தது. கம்பெனிகளுக்குக் கிடைத்தது குத்தகைதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டுகிறார்கள். பதவி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, 2016 ஜனவரியில், அடுக்குமாடிச் சட்டம் வந்தது. வெளிநாட்டவர் 40 சதவீதம் வரை வாங்கலாம். எதில்? அந்தச் சட்டப்படி பதிவான அடுக்குமாடியில். எந்தப் பணத்தில்? உங்கள் கைப் பணத்தில். தாத்தாவின் பத்திரத்தைக் காட்டி அதில் ஒரு ஜன்னல்கூட வாங்க முடியாது, வயலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதை அரைப் பக்கம் அச்சடித்து ஒட்ட இங்கே எந்த அலுவலகத்துக்கும் மனசில்லை, எழுதிக் கேட்டால் 'உரிய துறையை அணுகவும்' என்று ஒரு வரி வரும், அதற்கும் ஆறு மாதம். அப்புறம் ஜனங்கள் ஏஜென்ட்டிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2016-லேயே மாளிகையைக் காலி செய்தவர் பேரில் இன்றைக்கு என்ன உத்தரவு வரும்?

போன வருடம் ஒருவர் 'மீட்பு உத்தரவு' என்று ஒரு கலர் ஜெராக்ஸ் கொண்டுவந்தார், பர்மிய எழுத்து, மேலே சிவப்பு முத்திரை. பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர் சிரித்துவிட்டார். அது வேறொரு குடும்பத்தின் பழைய கிரயப் பத்திரம். ஏஜென்ட் ஏன் உங்கள் பத்திரத்தையும் கேட்கிறார் என்று இப்போது புரிகிறதா?