சோலைக்காட்டில் விழுந்த மரத்தில் மஞ்சளாகப் படர்ந்திருப்பது என்ன? மழை கூடினால் இதுவும் கூடுமா?

கொடைக்கானல் பக்கம் சோலைகளில் நடக்கிறவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அதன் பெயர் சளிப் பூஞ்சை, ஸ்லைம் மோல்ட் என்றும் சொல்வார்கள். பெயரில்தான் பூஞ்சை, சொந்தமெல்லாம் அமீபாவோடு. உள்ளங்கை அகலம் படர்ந்திருந்தாலும் அது ஒரே செல், உள்ளே எக்கச்சக்கமான உட்கருக்கள். மட்கிய கட்டையிலும் சருகிலும் இருக்கும் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே மெதுவாக நகரும். இரை தீர்ந்தால் நகர்வதை நிறுத்திவிட்டு வித்துப் பைகளாக மாறிவிடும்.

குனிந்து பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். லைக்கோகலா என்ற வகை ரோஸ் நிறச் சவ்வரிசி மாதிரி கட்டையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், இளசாக இருக்கும்போது குச்சியால் குத்தினால் பற்பசை போலப் பிதுங்கும், சில நாள் கழித்துக் குத்தினால் வெறும் தூள்தான்.

உலகில் சுமார் 1000 இனங்கள் தெரியும். வெப்பமண்டல மழைக்காட்டில்தான் அதிகம் இருக்கும் என்று தோன்றும், ஆனால் ஓயாமல் நனைகிற காட்டில் கட்டையிலும் தரைச் சருகிலும் குறைவாகவே கிடைக்கின்றன. அடைமழையில் வடகம் காயுமா? அதே கதைதான். பை காய்ந்து வெடித்தால்தான் வித்துத் தூள் காற்றில் பறக்கும், இல்லாவிட்டால் மழை அடித்துப் போய்விடும், அல்லது அதன்மேல் நிஜப் பூஞ்சை ஏறிவிடும். அதனால் வெப்ப நாடுகளில் பல இனங்கள் தரையை விட்டு மேலே, கிளையில் சிக்கிய காய்ந்த இலையிலும் வாடிய பூங்கொத்திலும் வாழ்கின்றன.

அப்புறம், இதை மர நோய் என்று நினைத்து மருந்து அடிக்காதீர்கள். உயிருள்ள மரத்தை இது தின்பதே இல்லை.