ஈரல் சிலைடு: எல்லாப் புலத்தையும் அளக்க வேண்டாம்

ஆட்டு ஈரலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்க, நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றிக் கோடு போட்டு அளக்கிறேன், இரண்டு மாதத்தில் நாலு சிலைடுதான் முடிந்தது என்று சித்தூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நானும் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு இதே பாடு பட்டவன்.

கோடு போடுவதை விடுங்கள். படத்தின் மேல் ஒரு புள்ளிக் கட்டத்தை வையுங்கள். கொழுப்பின் மேல் விழுந்த புள்ளிகளை ஈரலின் மேல் விழுந்த மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் விடை வந்துவிடும். வெட்டுப் பரப்பில் உள்ள பங்கே கன அளவிலும் உள்ள பங்கு என்று 1847-இல் டெலெஸ் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் பாறைகளுக்காகச் சொன்னதுதான் இதற்கு அடிப்படை.

எந்தப் புலத்தை, அதாவது நுண்ணோக்கியில் ஒரு தடவைக்குத் தெரியும் பகுதியை, பார்ப்பது? 'நல்லா இருக்கிற' இடமாகத் தேடினால் கணக்கு கெட்டது. நம்ம ஊர்த் தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மரமும் ஒரு புலம். 1 முதல் 8-க்குள் ஒரு சீட்டு எடுத்து, அந்த மரத்தில் தொடங்கி எட்டுக்கு ஒன்றாகப் பார்த்துப் போனால் தோப்பு முழுக்கச் சமமாகத் தொட்டுவிடலாம். கண்டபடி பொறுக்குவதைவிட இதில் பெரும்பாலும் பிழை குறைவு. ஆனால் வரிசைக்குச் சரியாக எட்டு மரம் என்றால் வம்பு, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே இடத்து மரமாகவே மாட்டும், சில சமயம் ஓர மரமாகவே! திசுவிலும் அப்படி ஒழுங்கு உண்டா என்று பாருங்கள்.

ஓர் ஆட்டுக்குக் கொழுப்பின் மேல் 100 முதல் 200 புள்ளிகள் விழுந்தால் பொதுவாகப் போதும். மிச்ச நேரத்தில் இன்னும் சில ஆடுகளைச் சேருங்கள். ஆட்டுக்கு ஆடு உள்ள வேறுபாடுதான் பெரும்பாலும் பெரியது.

அப்புறம், துளிகளின் எண்ணிக்கை வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. பெரிய துளிகள்தான் கத்தியில் அதிகம் மாட்டும். அதற்கு அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளை ஒப்பிடும் டைசெக்டர் முறை வேண்டும்.