கிளாக்கோமா ஆபரேஷனுக்கு முன் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து

அம்மாவுக்கு அடுத்த வாரம் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) ஆபரேஷன், செக்கப்பில் கண் பாப்பாவை விரிக்க விட்ட சொட்டு மருந்தால் சாயங்காலம் வரை கண் கூசியது, அதையே மறுபடி விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூச்சம் சகஜம்தான், டிராபிகமைடு என்ற அந்த விரிக்கும் மருந்து அடங்க நாலைந்து மணி நேரம் ஆகும். டிராபெகுலெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியப் புது வழி அமைக்கும் ஆபரேஷன்) மட்டும் என்றால் பெரும்பாலும் பாப்பாவை விரிக்க மாட்டார்கள், சுருக்குவதற்குப் பைலோகார்பின் விடுவதும் உண்டு. கூடவே கண்புரையும் எடுப்பதாக இருந்தால் விரிப்பார்கள். குறுகிய கோண வகை கிளாக்கோமாவில் (கண்ணுக்குள் நீர் வடியும் மூலை குறுகலாக இருப்பது) விரிக்கும்போது கண் அழுத்தம் திடீரென ஏறலாம், அதனால் அம்மாவுக்கு எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

அப்புறம், மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டு போங்கள். என் மாமியாருக்குச் செய்தபோது, ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயர் தெரியாமல் முழித்தோம். அதையோ தினசரி சொட்டையோ நீங்களாக நிறுத்த வேண்டாம்.