ஒட்டுமா, ஒட்டாதா?

கேள்வி: தினமும் கொலாஜன் பவுடர் கலந்து குடிக்கிறேன். வயிற்றில் செரித்துவிட்டால் அது முகத்துக்கு எப்படி போய்ச் சேரும்? எவ்வளவு புரதம் சாப்பிட்டாலும் எனக்கு உடம்பில் ஒட்டுவதே இல்லை, ஏன்?

பதில்: 'ஒட்டுவதே இல்லை' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தைக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்தேன். தோலிலும் எலும்பிலும் இருக்கிற புரதம்தான் கொலாஜன். அந்தப் பெயரிலேயே ஒட்டு இருக்கிறது. கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசை எடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். தமிழ்க் காதில் அது 'கொல்லாத' என்று விழும். மாட்டுத்தோலிலிருந்தும் மீன்தோலிலிருந்தும் எடுக்கிற சரக்குக்கு இதைவிடப் பொருந்தாத பெயரை யோசித்தாலும் வைக்க முடியாது.

சரி, குடித்தது ஒட்டுமா? ஒட்டாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இலக்கணம் தேவைப்படுகிறது. இந்தப் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனால் மூன்று பக்கத்துக்குக் கண்டனம் எழுதும் வாசக நண்பர் ஒருவர் இருக்கிறார். பல வருடப் பகை. இந்தப் பதிலை அவரும் படிப்பார் என்பதால் ஜாக்கிரதையாகவே எழுதுகிறேன்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை எழுத்துகளாக வைத்துக் கோத்த நீளமான தொடர். இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது நடுவிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுவிடும். மரம் + வேர் = மரவேர் என்னும்போது 'ம்' காணாமல் போகிறதே, அந்த மாதிரி. கெடுதல் விகாரம். செரிமானம் இதற்கு நேர் எதிர்: போன தண்ணீரைத் திரும்ப வைத்துப் பிரித்தெழுதுவது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்ததை உங்கள் குடல் வேளை தவறாமல் சும்மா செய்து கொடுக்கிறது.

வாயில் இந்த வேலை நடப்பதில்லை. உமிழ்நீருக்கு மாவுச்சத்தைத்தான் தெரியும். இரைப்பையில் அமிலம் புரதத்தின் மடிப்புகளைக் குலைக்க, 1836-ல் தியோடர் ஷ்வான் கண்டுபிடித்த பெப்சின் என்ற செரிமான நொதி முதல் வெட்டைப் போடுகிறது. முன்சிறுகுடலுக்கு வந்ததும் கணையத்திலிருந்து ட்ரிப்சின் என்ற இன்னொரு நொதி வருகிறது. நான் மயங்குகிற இடம் இதுதான். ட்ரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. நிலைமொழி ஈற்றில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் ஒன்று இருக்க வேண்டும். வருமொழி புரோலின் என்ற அமினோ அமிலமாக இருந்தால், பெரும்பாலும் கை வைக்காமல் நகர்ந்துவிடும். விதி, விதிவிலக்கு, எல்லாம் இருக்கிறது! பக்கத்திலேயே கைமோட்ரிப்சின், அதற்குப் பிடித்த ஈறுகள் வேறு. நண்பரே, உங்கள் கணையம் உங்களைவிடக் கறாரான புலவர். ஆனால் கடிதம் போடுவதில்லை.

இன்னொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. ட்ரிப்சினைக் கத்தியாக அனுப்பாது, உறையில் போட்டுத்தான் அனுப்பும். உறையைப் பிரிக்கும் நொதி சிறுகுடல் சுவரில் காத்திருக்கும். கணையத்துக்குள்ளேயே உறை பிரிந்துவிட்டால் கணையம் தன்னையே செரிக்க ஆரம்பித்துவிடும். கணைய அழற்சியில் நடக்கும் விபரீதம் அதுதான். எழுதிய கோபக் கடிதத்தைத் தபால்பெட்டி வரைக்கும் உறையிலேயே வைத்திருக்கப் பழகியவர்களுக்கு இது புரியும்.

கோபம் என்றதும் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் ஞாபகம் வருகிறது. 1822-ல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் தவறுதலாகக் குண்டு பாய்ந்து, ஆறிய பிறகும் வயிற்றில் மூடாத ஓட்டையோடு பிழைத்தவர். வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் பட்டுநூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்த ஓட்டை வழியே இறக்குவார், நேரம் பார்த்து இழுத்து எவ்வளவு கரைந்தது என்று குறிப்பெடுப்பார். வருடக்கணக்கில்! மனிதருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? அவர் கோபமாக இருந்தால் செரிமானம் கெடுகிறது என்பதையும் டாக்டர் விடாமல் குறித்துக்கொண்டார். கோபத்துக்கு யார் காரணம் என்பதைத் தனி ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டாக்டர் 1853-ல் போய்ச் சேர்ந்தார். ஓட்டை வயிற்றுக்காரர் 1880 வரை இருந்தார். எனக்கு இதில் ஓர் அற்பத் திருப்தி.

உங்கள் பவுடருக்கு வருகிறேன். குடல்சுவர் ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்துத் துண்டுகளைத்தான் உள்ளே விடும். உள்ளே போனதும் அவையும் பெரும்பாலும் ஓரெழுத்தாகி, ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகும். இன்சுலினை இன்றைக்கும் ஊசியாகப் போடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்: வெறும் 51 அமினோ அமிலம் கொண்ட புரதம், விழுங்கினால் எழுத்தெழுத்தாகப் பிரிந்துவிடும். கொலாஜன் சங்கிலி ஒன்றில் ஆயிரத்துக்கும் மேல். அதிலிருந்து புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்த ஈரெழுத்துத் துண்டு கொஞ்சம் பிரியாமல் ரத்தம்வரை போவது உண்மை. விளம்பரக்காரர்கள் பிடித்துத் தொங்குகிற நூல் அதுதான். ஆனால் உங்கள் தோல் வந்த ஹைட்ராக்சிபுரோலினை எடுத்து அப்படியே புதுக் கொலாஜனில் கோக்காது. முதலில் வெறும் புரோலினைக் கோத்துவிட்டு, அப்புறம்தான் அதை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும். அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். அது அடியோடு இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குப் பல் ஆடியதும், ஆறிய புண் திறந்துகொண்டதும் அதனால்தான்.

இன்னொன்று. கொலாஜனில் ட்ரிப்டோஃபேன் என்ற எழுத்தே கிடையாது. உடம்பால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாத 9 அமினோ அமிலங்களில் அது ஒன்று. அந்த டப்பாவை மட்டும் நம்பிப் புரதக் கணக்கு எழுதாதீர்கள்.

கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேர்த்துவைக்க உடம்பில் தனிக் கிடங்கு கிடையாது. தேவைக்கு மேல் வந்தால் கல்லீரல் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். 'ஒட்டவில்லை' என்பது நிஜமாகவே எடை குறைகிறது என்ற அர்த்தத்தில் என்றால், என்னிடம் கேட்காமல் டாக்டரிடம் போங்கள்.

உங்கள் கேள்வியில் 'எப்படி போய்' என்று ஒற்றில்லாமல் இருந்ததை வேண்டுமென்றே திருத்தாமல் போட்டிருக்கிறேன். நண்பரின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.